கையால கார்பன் ஃபைபர் போட்டு 1.5 மீட்டர் கிளைடர் விங்: எடை ஏறாம பண்றது எப்படி?

கொங்கு_கிளைடர்:

எல்லாருக்கும் வணக்கங்க. ஊர் கோயமுத்தூர். டிஎல்ஜி ஒண்ணு, அதாவது விங் நுனியைப் புடிச்சு ஒரு சுத்து சுத்தி எறியற கிளைடர், சொந்தமா பண்ணலாம்னு இறங்கிருக்கேன். இந்த வகை கிளைடர் போட்டிக்கான எஃப்3கே ரூல்ல விங்ஸ்பேன் 1500 மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாது, எடை 600 கிராம் வரைக்கும் இருக்கலாம்னு போட்டிருக்கு, ஆனா நல்லா மிதக்கற மாடல் எல்லாமே 250 கிராம் பக்கத்துலதான் இருக்குதுங்க. இதுவரைக்கும் பால்சா மரம், டெப்ரான் ஃபோம் ஷீட்ல நிறைய பண்ணிருக்கேன், கார்பன் மட்டும் புதுசு.

விங்குக்கு நீல எக்ஸ்பிஎஸ் ஃபோம (தெர்மோகோல் மாதிரி, ஆனா கெட்டியானது) ஹாட் வயர்ல, அதாவது சூடான கம்பில அறுத்து கோர் ரெடியா வெச்சிருக்கேன், ரெண்டு பாதி, சேத்தா ஏரியா 22 சதுர டெசிமீட்டர் வருது. இங்க பைக் ஃபேரிங் பண்ற ஒரு பட்டறைல 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) 3கே ட்வில் நெசவு கார்பன் துணி மீட்டர் கணக்குல குடுக்கறாங்க, எபாக்ஸி ரெசின் எல்ஒய்556, அத இறுக வெக்கற ஹார்டனர் எச்ஒய்951 கிடைக்குது. வாக்குவம் பம்ப் இல்லீங்க.

கேக்க வேண்டியது இதுதான். இந்த 200 ஜிஎஸ்எம் துணியவே விங் மேல ஒரு லேயர் ஒட்டிடலாமா, வாக்குவம் இல்லாம மேல வெயிட் வெச்சு அமுக்குனா போதுமா, மூக்கு பாகத்தையும் கார்பன்லயே பண்ணிட்டா லேசா இருக்குமா? அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் விளக்கமா சொன்னா நல்லா இருக்கும்ங்க.

---

ஃபைபர்_பட்டறை:

தம்பி, துணிய வாங்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட்டுப் பாத்துருங்க. விங் 0.22 சதுர மீட்டர், மேல கீழ ரெண்டு பக்கமும் சேத்து 0.44. 200 ஜிஎஸ்எம் துணி அதுக்கே 88 கிராம். கையால பிரஷ் வெச்சு ரெசின் தடவுனா துணி எடைக்குச் சமமா ரெசின் நிக்கும், அதுவும் நல்லா கை பழகுனவங்களுக்கு. ஆக விங்கோட தோல் (மேல ஒட்டுன துணியும் ரெசினும்) மட்டும் 176 கிராம், உள்ள ஃபோம் ஒரு 40 கிராம், விங் மட்டுமே 216 ஆச்சு. இதுக்கு மேல பூம் (வால் வரைக்கும் போற குழாய்), வால், நாலு சர்வோ (கண்ட்ரோல அசைக்கற சின்ன மோட்டார்), பேட்டரி, ரிசீவர் எல்லாம் வரணும். 300ஐ சாதாரணமா தாண்டிரும்.

இதுல நிறைய பேரு கவனிக்காத விஷயம், பாதி எடை கார்பனே இல்ல, ரெசின். கார்பன் இழை பலம் குடுக்குது, ரெசின் அந்த இழைய அதது எடத்துல புடிச்சு வெக்குது, அவ்ளோதான் அதோட வேலை. இழைய நனைக்கிறதுக்கு மேல இருக்கற ஒவ்வொரு சொட்டும் சும்மா தூக்கிட்டுப் பறக்கற எடை. அதனால லேசான மாடல் பண்ணணும்னா எந்த துணின்னு யோசிக்கிறதுல பாதி நேரம் போதும், மீதி நேரத்த ரெசின எப்படி வெளிய எடுக்கறதுன்னு யோசிக்கிறதுல செலவு பண்ணுங்க.

இப்ப துணிக்கு வர்றேன். 3கேன்னா ஒரு நூல்ல 3000 இழை, ஒவ்வொண்ணும் 7 மைக்ரான் பக்கம். அந்த உருண்ட நூல ட்வில்லா நெய்யும்போது மேலயும் கீழயும் வளைஞ்சு போகுது, நூலும் நூலும் குறுக்க போற எடத்துல சின்னச் சின்ன குழி இருக்கும், அந்தக் குழி பூரா ரெசின் போய் உக்காந்துக்கும். பைக் ஃபேரிங்குக்கு அது பாக்க அழகு, கிளைடருக்கு ஆகாது. ஸ்ப்ரெட் டோன்னு ஒண்ணு இருக்கு, அதே நூல தட்டையா ரிப்பன் மாதிரி விரிச்சு நெய்ஞ்சது, வளைவு கம்மி, குழி கம்மி. 40 ஜிஎஸ்எம் பக்கத்துல டிஎல்ஜிக்குன்னே வருது. அதுல கணக்கு போட்டா துணி 17.6 கிராம், ரெசின் அதே அளவு, தோல் மொத்தம் 35 கிராம் சொச்சம். 176 எங்க, 35 எங்க.

இன்னொண்ணு, கடைக்காரங்க டி300, டி700னு கிரேடு சொல்லி வெல ஏத்துவாங்க. ரெண்டுக்கும் விறைப்பு கிட்டத்தட்ட ஒண்ணுதான், 230 கிகாபாஸ்கல் பக்கம், டி700க்கு இழுவை பலம்தான் கூட. விங் தோலுக்கு வேண்டியது விறைப்பு. அதுக்காக டி700க்கு காசு குடுக்க வேண்டாம்.

துணிய நேரா போடாதீங்க, 45 டிகிரி சாய்ச்சுதான் போடணும். நுனியைப் புடிச்சு எறியும்போது விங்கு மொறுக்கிக்கப் பாக்கும், இந்த முறுக்கல தாங்கறதுக்கு இழை ±45ல ஓடணும். 0/90ல போட்டா முறுக்கற விசைய புடிக்க இழையே இல்ல, ரெசின்தான் தாங்கணும், அதால முடியாது. மேல கீழ வளையறதுக்கு தோல நம்ப வேண்டாம், கோர்ல கோடு கீறி மேலயும் கீழயும் கார்பன் பட்டி பதிச்சு ஸ்பார் (விங்கோட முதுகெலும்பு) பண்ணிருங்க, அதுல இழை விங் நீளத்துக்கே நேரா ஓடணும்.

---

தாம்பரம்_ஆர்சி:

அண்ணன் கணக்கு கரெக்ட். நான் வாக்குவம் பத்தி சொல்றேன் ப்ரோ, ஏன்னா வெயிட் வெச்சா போதும்னு நினைக்கறவங்க அந்த நம்பர பாக்கறதே இல்ல. உங்க விங் மேல 50 கிலோ அரிசி மூட்டைய சமமா பரப்பி வெச்சாலும் சதுர மீட்டருக்கு 230 கிலோதான் வருது. விங்க ஒரு பிளாஸ்டிக் பைக்குள்ள வெச்சு வாக்குவம்ல முழு காத்தையும் எடுத்தா சதுர மீட்டருக்கு 10 டன், முழுசா வேணாம், மூணுல ஒரு பங்கு எடுத்தாலே 3 டன்னுக்கு மேல. அதுவும் மேடு பள்ளம் பாக்காம எல்லா பக்கமும் ஒரே மாதிரி அமுக்கும். ரெசின பிதுக்கி வெளிய தள்றதுக்கு இந்த அழுத்தம்தான் வேணும்.

பம்ப் புதுசா வாங்கணும்னு இல்ல. பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் ஸ்கிராப் கடைல கிடைக்கும், அதோட உறிஞ்சற பக்கத்துல ட்யூப் மாட்டுனா பம்ப் ரெடி (வயரிங்க தெரிஞ்ச ஆள விட்டு பண்ணுங்க, ஸ்டார்ட்டிங் ரிலே இல்லாம ஓட்டக்கூடாது). நடுவுல ஒரு பாட்டில் வெச்சுருங்க, ரெசின் இழுத்து வந்தா அதுலயே நின்னுடும், கம்ப்ரஸருக்குள்ள போகாது. ஒரு வாக்குவம் கேஜ் கண்டிப்பா வேணும். ஃபோம் கோருக்கு 0.3ல இருந்து 0.4 பார் போதும், வெள்ளை தெர்மோகோல்னா அதுக்கும் கம்மியா, முழு வாக்குவம் குடுத்தா தெர்மோகோல் அமுங்கி ஏர்ஃபாயில் (விங்கோட குறுக்குவெட்டு) ஷேப்பே போயிடும். நீங்க எக்ஸ்பிஎஸ்ல பண்ணிருக்கறதால தாங்கும், ஆனா ட்ரெயிலிங் எட்ஜ் (விங்கோட பின் ஓரம்) பக்கம் ஃபோம் காகிதம் மாதிரி மெல்லிசா இருக்கும்ல, அங்க ஜாக்கிரதை.

ஹாட் வயர்ல கோர் அறுத்தப்ப மேலயும் கீழயும் மிச்சம் வந்த ஃபோம் துண்டு இருக்கா? தூக்கிப் போட்டுடாதீங்க ப்ரோ. அதுதான் விங்குக்கு படுக்கை. பைய மூடி வாக்குவம் போட்டதும் அந்த கீழ் துண்டு மேல வெச்சாதான் விங் முறுக்காம நேரா காயும்.

இப்ப ரெசின் எடுக்கற முறை, இதுதான் மெயின். கால் மில்லிமீட்டர் மைலார் (பாலியஸ்டர் பிளாஸ்டிக்) ஷீட்ட விங் ஷேப்புக்கு வெட்டி, நல்லா வேக்ஸ் தேய்ச்சு, காய விட்டு துடைச்சு, இத ஒரு தடவையோட விடாம நாலஞ்சு தடவ பண்ணிட்டு, வெள்ளை பெயிண்ட் வேணும்னா இந்த ஸ்டேஜ்லயே மைலார் மேல மெல்லிசா ஸ்ப்ரே பண்ணிருங்க, கடைசில உரிக்கும்போது பெயிண்ட் விங்குக்கு வந்துடும், தனியா அடிக்கறத விட எடை பல மடங்கு கம்மி. அப்புறம் மைலார தராசுல வெச்சு ஜீரோ பண்ணுங்க, துணிய மேல விரிச்சு அதோட எடைய எழுதி வெச்சுக்கங்க, ரெசின சின்ன ஃபோம் ரோலர்ல உருட்டுங்க. முழுசா நனைஞ்சதும் துணி பளபளன்னு கண்ணாடி மாதிரி மின்னும். அந்த மின்னல் பூரா வேண்டாத ரெசின். அதுமேல டிஷ்யூ ரோல அப்படியே உருட்டிட்டு போங்க, ஈரமான சுத்த கிழிச்சுப் போட்டுட்டு மறுபடி உருட்டுங்க. மின்னறது போய் மங்கலா, துணியோட நெசவு தனியா தெரியற மாதிரி ஆயிடும். இப்ப தராசுல வைங்க, துணியும் ரெசினும் சேத்து துணி எடைய போல ரெண்டு மடங்குக்கு கீழ வந்தா நிறுத்திக்கலாம். காய்ஞ்சு போயிடுமோன்னு பயமா இருக்கும், பரவால்ல, நெசவு கருப்பா இருக்கற வரைக்கும் போதுமான ரெசின் உள்ள இருக்கு. எங்கயாவது சாம்பல் கலர்ல வெளுத்து தெரிஞ்சா அந்த எடத்துல மட்டும் ஒரு சொட்டு வைங்க.

அதுக்கப்புறம் மைலார கோர் மேல கவுத்து, ரெண்டு பக்கமும் வெச்சு, பைக்குள்ள போட்டு பம்ப் ஆன். பை ஓரத்துல சீலன்ட் டேப் ஒட்டுன எடத்துல காது வெச்சு கேளுங்க, உஸ்ஸுன்னு சத்தம் வந்தா லீக், விரலால அமுக்கி அடைச்சுட்டு வேற எடம் தேடுங்க.

---

மதுரை_ஏரோ:

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், கோச்சுக்காதீங்க. முதல் விங்குக்கு முழு கார்பன் தோல் வேணாம்ங்கறது என் கருத்து. 49 ஜிஎஸ்எம் கிளாஸ் (ஃபைபர் கிளாஸ்) துணி, அதையும் 45 டிகிரி சாய்ச்சுப் போட்டு, ஸ்பாருக்கும் லீடிங் எட்ஜுக்கும் (முன் ஓரம்) மட்டும் கார்பன் வெச்சா தோல் 42, 43 கிராம்ல முடியும். ஸ்ப்ரெட் டோவ விட 7, 8 கிராம் கூட, விறைப்பும் கம்மிதான், கிளாஸ் 72 கிகாபாஸ்கல், கார்பன் அதுக்கு மூணு மடங்கு, ஒத்துக்கறேன். ஆனா ஸ்ப்ரெட் டோ துணி கையில எடுத்தாலே இழை நகர்ந்து கோணிக்கும், அத 45 டிகிரில நேரா வெட்டி கலையாம மைலார் மேல விரிக்கறதுக்கே தனி பழக்கம் வேணும், விலையும் ஜாஸ்தி, ஒரு தடவ போச்சுன்னா போச்சு. கிளாஸ்ல இன்னொரு வசதி, ரெசின் எங்க நனைஞ்சிருக்கு எங்க நனையலன்னு கண்ணுக்குத் தெரியும், நனைஞ்ச எடம் கண்ணாடியா மாறிடும். கார்பன்ல எல்லாமே கருப்பு. கை பழகறதுக்கு கிளாஸ்தான் நல்லது.

எல்ஒய்556 பத்தி ஒரு எச்சரிக்கை. நல்ல ரெசின்தான், காலேஜ் லேப் எல்லாம் அதுலதான் ஓடுது, ஆனா ரொம்ப கெட்டி, 25 டிகிரில 10,000 மில்லிபாஸ்கல் செகண்டுக்கு மேல. தேன் மாதிரி இழுக்கும். 200 ஜிஎஸ்எம் துணிக்கு பரவாயில்ல, 40 ஜிஎஸ்எம் துணில உருட்டுனா ரோலர் துணியவே இழுத்துட்டு வந்துடும். ரெசின மட்டும், ஹார்டனர் கலக்கறதுக்கு முன்னாடி, வெந்நீர் பாத்திரத்துல கொஞ்ச நேரம் வெச்சு எடுத்தா நல்லா இளகும், ஆனா சூடா இருக்கும்போதே ஹார்டனர் கலந்தா சீக்கிரம் இறுகிடும், 10 டிகிரி கூடுனா வேகம் ரெட்டிப்பாகும்னு வெச்சுக்கங்க. முடிஞ்சா லேமினேட்டிங்குக்குன்னே தண்ணியா வர்ற எபாக்ஸி வாங்குங்க. அப்பறம் கப்புல வெச்சு வேலை பாக்காதீங்க, கலந்த உடனே தட்டு மாதிரி அகலமான எதுலயாவது ஊத்திப் பரப்பிடுங்க. கப்புல நூறு கிராம் குவிஞ்சு கிடந்தா தன் சூட்டுலயே கொதிச்சு புகைய ஆரம்பிச்சிடும், நம்மூர் வெயில்ல சொல்லவே வேணாம்.

கலவை எடைக்கு 100க்கு 10. உங்களுக்கு ஒரு பக்கத்துக்கு 12 கிராம் ரெசின் கலந்தா ஹார்டனர் 1.2 கிராம். சமையல் தராசு ஒரு கிராம் கணக்குல காட்டும், அதுல 1.2 எங்க காட்டும்? 0.01 கிராம் காட்டற நகை தராசு சின்னதா ஆன்லைன்ல கிடைக்குது, அது இல்லாம ஆரம்பிக்காதீங்க. ஹார்டனர் கூட ஊத்துனா சீக்கிரம் காயும்னு பாலியஸ்டர் ரெசின் பழக்கத்துல சிலர் செய்வாங்க, எபாக்ஸில அது நடக்காது, கூடுனாலும் கொறஞ்சாலும் பிசுபிசுன்னு மெத்துனு நின்னுடும். அந்த பாலியஸ்டர் ரெசின ஃபோம் பக்கமே கொண்டு போகாதீங்க, எக்ஸ்பிஎஸ், தெர்மோகோல் ரெண்டையும் கரைச்சிடும்.

மூக்கு கேட்டிருந்தீங்க. மூக்க கார்பன்ல பண்ணவே பண்ணாதீங்க. கார்பன் மின்சாரம் கடத்தும், 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல தடுக்கும். ரிசீவர உள்ள வெச்சு மூடுனா பக்கத்துல நிக்கும்போது வேலை செய்யும், தூரம் போனதும் கண்ட்ரோல் போயிடும், கிளைடர் எங்க போய் விழும்னு யாருக்கும் தெரியாது, கீழ ஆள் இருந்தா என்ன ஆகறது. மூக்குக்கு கிளாஸ் இல்லனா கெவ்லார் (லேசுல அறுபடாத கெட்டி இழை துணி). கெவ்லார்னா தரையில மோதுனாலும் உடைஞ்சு சிதறாது. பின்னாடி பூம் கார்பனா இருந்துக்கட்டும், ஆன்டெனா நுனில உறை இல்லாம இருக்கற அந்த 31 மில்லிமீட்டர் மட்டும் கார்பன்ல இருந்து தள்ளி இருக்கணும்.

---

கொங்கு_கிளைடர்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். 200 ஜிஎஸ்எம் ஐடியாவ விட்டாச்சுங்க, 216 கிராம்னு எழுதிப் பாத்ததும் புரிஞ்சுது. மதுரை அண்ணா சொன்ன மாதிரி முதல் விங் கிளாஸ் தோல், கார்பன் ஸ்பார். ரெண்டாவதுக்கு ஸ்ப்ரெட் டோ. ஹாட் வயர் மிச்ச துண்டு பத்திரமா இருக்குதுங்க.

இன்னும் ரெண்டு கேள்வி. எய்லரான் (விங் பின் ஓரத்துல மேல கீழ அசையற பாகம்) கீலுக்கு என்ன பண்றது, டேப் ஒட்டுனா வெயில்ல உரியுதுங்க. அப்பறம் இங்க ஏப்ரல் மே மாசத்துல கிரவுண்ட்ல வெயில்ல வெச்சா கருப்பு விங் சூடேறி வளையும்னு ஒருத்தர் சொன்னாரு, நெஜமாவா?

---

தாம்பரம்_ஆர்சி:

கீலுக்கு கெவ்லார் ப்ரோ. தோல் போடும்போதே கீல் வர்ற கோட்டுல 2 சென்டிமீட்டர் அகலத்துக்கு மெல்லிசு கெவ்லார் பட்டி 45 டிகிரில வெட்டுனத ஒரு பக்க தோலுக்கு அடியில வெச்சுடுங்க. காய்ஞ்சப்பறம் மறுபக்கத்து தோலயும் ஃபோமயும் வி ஷேப்ல அறுத்து எடுங்க, கெவ்லார் பக்கத்த மட்டும் விட்டுட்டு எய்லரான மேல கீழ மடக்குனா கெவ்லார சுத்தி இருக்கற ரெசின் நெரிஞ்சு விட்டுடும், இழை விடாது. அதுவே கீல். தனி எடை ஒண்ணும் இல்ல, இடைவெளியும் கிடையாது. கெவ்லார சாதா கத்திரில வெட்ட முடியாது, பிசிறடிக்கும், ரெசின் தடவி காய வெச்ச பட்டியா இருந்தா புது பிளேடுல வெட்டலாம்.

---

ஃபைபர்_பட்டறை:

வெயில் விஷயம் நெஜம் தம்பி, நல்ல நேரத்துல கேட்டீங்க. ரூம் சூட்டுல காஞ்ச எபாக்ஸி தொட்டா கல்லு மாதிரிதான் இருக்கும், ஆனா அது இளக ஆரம்பிக்கற சூடு, காஞ்ச சூட்ட விட வழக்கமா ஒரு 15, 20 டிகிரிதான் மேல இருக்கும். 32 டிகிரில காஞ்சதுன்னா 50ல இளகும். மே மாச வெயில்ல கருப்பு விங் அதத் தாண்டிரும், மூடி நிறுத்துன கார்ல பின் சீட்டுல வெச்சாலும் அதே கதி. மேல பாக்க ஒண்ணும் தெரியாது, விங் தன் எடைல மெல்ல தொங்கி முறுக்கிக்கும், ஆறுனா அந்த ஷேப்லயே நின்னுடும்.

இதுக்கு போஸ்ட் க்யூர், அதாவது காஞ்சப்பறம் மறுபடி சூடேத்தறது, பண்ணணும். ஒரு நாள் பைக்குள்ளயே காய விட்டுட்டு, மைலார உரிக்காம, அந்த ஃபோம் படுக்கைலயே வெச்சு மெதுவா சூடேத்தணும். மரப்பெட்டி இல்லனா தெர்மோகோல் பெட்டி, உள்ள ரெண்டு மூணு குண்டு பல்பு, காத்து சுத்தறதுக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஃபேன், தெர்மோஸ்டாட் ஒண்ணு. பல்பு தெர்மோகோல ஒட்டி இருக்கக் கூடாது, பக்கத்துலயே ஆள் இருக்கணும். 40ல ஒரு ரெண்டு மணி நேரம், அப்புறம் 50, 55னு ஏத்தி ஆறு மணி நேரம் போல வைங்க. 60ஐத் தாண்ட விடாதீங்க, எக்ஸ்பிஎஸ் 75 டிகிரி பக்கம் தானே இளகிடும், வாக்குவம்ல இருந்தா அதுக்கும் முன்னாடியே அமுங்கும். பல்ப அணைச்சுட்டு பெட்டிய திறக்காம தானா ஆற விடுங்க. மேல் பக்கத்துக்கு வெள்ளை பெயிண்ட் போடறதும் பாக்கறதுக்காக மட்டும் இல்ல, வெள்ளை விங் கருப்ப விட ரொம்ப கம்மியாத்தான் சூடேறும்.

இன்னொரு விஷயம் யாரும் சொல்லல, அதான் நானே சொல்லிடறேன். எபாக்ஸி ஹார்டனர் உடம்புத் தோல்ல பட்டா அன்னிக்கு ஒண்ணும் ஆகாது, அதனாலதான் அசால்ட்டா இருப்பாங்க. அது கொஞ்சம் கொஞ்சமா அலர்ஜியா சேரும், ஒரு நாள் திடீர்னு கை முழுக்க தடிச்சு அரிக்கும், அதுக்கப்புறம் வாழ்நாள் பூரா ரெசின் வாசனையே ஆகாது. எங்ககூட வேலை பாத்த ஒரு நல்ல கைக்காரர் இதனாலயே தொழில விட்டாரு. நைட்ரைல் கையுறை போடுங்க, கையில பட்டா அசிட்டோன் வெச்சு துடைக்காதீங்க, அது ரெசின கரைச்சு தோலுக்குள்ள இறக்கும். டிஷ்யூல துடைச்சுட்டு சோப்பு போட்டு கழுவுங்க. கார்பன அறுக்கும்போதும் உப்புத்தாள் தேய்க்கும்போதும் என்95 மாஸ்க், தண்ணி தொட்டுத் தேய்ங்க, தூசி பறக்காது. அந்தத் தூசி மூச்சுக்கு மட்டும் கெடுதல் இல்ல, மின்சாரம் கடத்தும், ரிசீவர் சர்வோ போர்டு மேல படிஞ்சா ஷார்ட் ஆகும். அதனால எலக்ட்ரானிக்ஸ் இருக்கற ரூம்ல கார்பன் தேய்க்கற வேலைய வெக்காதீங்க.

---

மதுரை_ஏரோ:

மழை நாள்ல பண்றதா இருந்தா இதையும் பாத்துக்கங்க, காத்துல ஈரம் அதிகமா இருந்தா காஞ்ச எபாக்ஸி மேல மெழுகு மாதிரி வழவழன்னு ஒரு படலம் வரும். மைலார் ஒட்டி இருக்கற பக்கம் வராது, திறந்து கிடக்கற எடத்துல, ஸ்பார் ஜாயின்ட், சர்வோ ட்ரே ஒட்டற எடத்துல எல்லாம் வரும். அதுமேல நேரா உப்புத்தாள் போட்டா படலம் உள்ள தேஞ்சு போகுமே தவிர போகாது. முதல்ல வெறும் தண்ணியும் ஸ்காட்ச் பிரைட்டும் வெச்சு கழுவி துடைச்சுட்டு, காஞ்சப்பறம் தேய்ச்சு ஒட்டுங்க. ரெண்டு பாதி விங்க நடுவுல சேக்கற ஜாயின்ட்டுக்கு இத கட்டாயம் பண்ணணும், எறியும்போது வர்ற லோடு மொத்தமும் அங்கதான் விழும். அந்த ஜாயின்ட் மேல கிளாஸ் பட்டி ஒண்ணு 6 சென்டிமீட்டர் அகலம், அதுமேல 4 சென்டிமீட்டர்னு படிப்படியா போடுங்க, எல்லாத்தையும் ஒரே அகலத்துல வெட்டி அடுக்குனா பட்டி முடியற கோட்டுலயே தோல் ஒடியும்.